பத்தா, பதினொன்றா?

அம்பத்தூரிலோ திருவெறும்பூரிலோ ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். வெல்டிங் முடிந்த புது டேங்க் ஒன்று நிற்கிறது. கொள்ளளவு 10 கன மீட்டர். அதில் 7 பார் அழுத்தத்துக்கு நைட்ரஜன் ஏற்றி, மூட்டுகளில் சோப்பு நுரை தடவி, எங்காவது குமிழ் கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். கேஸ் ஏஜென்சிக்கு போன் போடுவதற்கு முன் ஒரு கேள்வி வருகிறது: எத்தனை சிலிண்டர் அனுப்பச் சொல்வது? ஒரு நைட்ரஜன் சிலிண்டரில் 7 கன மீட்டர் வாயு இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. டேங்குக்குத் தேவை பத்தேழு எழுபது. எழுபதை ஏழால் வகுத்தால் பத்து.

பத்து சிலிண்டரையும் ஒவ்வொன்றாகத் திறந்து முடித்த பிறகும் அழுத்தமானியின் முள் 7-ஐத் தொடாது. 6.9-க்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். ஏன் என்பதற்கான விடை ஒரே ஊரிலிருந்து வந்ததல்ல. ஒரு ஜெர்மன் மேயர், இரண்டு பக்கம் கிளம்பிய ஒரு ஆங்கிலச் சண்டை, பாரிஸில் நசுங்கிப்போன ஒரு குழாய் என்று பல கைகள் மாறி அது நம் பட்டறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

முதல் கட்டம் ஒரு பீர் பீப்பாயில் நடந்தது. மாக்டெபர்க் நகர மேயர் ஓட்டோ ஃபான் கெரிக்கே, 1650-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வெற்றிடம் என்ற ஒன்றை மனிதக் கையால் உண்டாக்க முடியுமா என்று பார்க்க ஆசைப்பட்டார். பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, இடுக்குகளை எல்லாம் அடைத்து, அடியில் ஒரு பித்தளைப் பம்ப்பைப் பொருத்தினார். தண்ணீரை மட்டும் இழுத்துவிட்டால் அந்த இடத்தில் எதுவும் மிஞ்சாது என்பது அவர் எண்ணம். பலசாலிகள் மூன்று பேர் பம்ப்பை இழுத்தார்கள். தண்ணீர் வெளியே வந்தது. கூடவே, உள்ளே ஏதோ தளதளவென்று கொதிக்கிற சத்தமும் கேட்டது. மரத்தின் நுண்துளைகள் வழியாக வெளிக்காற்று புகுந்துகொண்டிருந்தது. விடவில்லை மேயர். சிறிய பீப்பாயைத் தண்ணீர் நிரம்பிய பெரிய பீப்பாய்க்குள் வைத்து மறுபடி இழுக்கச் சொன்னார். இப்போது பறவை கீச்சிடுவது போன்ற ஒலி எழுந்து மூன்று நாள் வரை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் தேடிப் போனது வெற்றிடத்தை; வழியில் கிடைத்தது கசிவுச் சோதனை. பாத்திரத்துக்கு உள்ளேயும் வெளியேயும் அழுத்தத்தை மாற்றிவைப்பது, தண்ணீருக்குள் வைப்பது, காதைக் கூர்மையாக்கிக் கேட்பது என்று இன்றைக்கும் நாம் செய்கிற வேலைகள் எல்லாம் அந்தப் பீப்பாயிலேயே இருக்கின்றன. மரம் சரிப்படாது என்று தெரிந்ததும் செம்பில் ஒரு கோளம் செய்தார்கள். காற்றை இழுத்துக்கொண்டே இருக்கையில் அது பெருஞ்சத்தத்தோடு கசங்கிச் சுருங்கியது. நன்றாக உருண்டையாகச் செய்த அடுத்த கோளம்தான் தாங்கியது. 1657-ல் மாக்டெபர்க்கில் இரண்டு அரைக்கோளங்களை ஒட்டவைத்துக் காற்றை வெளியேற்றி, பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு குதிரைகளைப் பூட்டி இழுக்கவைத்த காட்சியைப் பள்ளிப் புத்தகங்கள் மறக்காமல் சொல்லும். எனக்கு அந்தக் குதிரைகளைவிட மூன்று நாள் கீச்சிட்ட பீப்பாயின் மேல்தான் பிரியம் அதிகம்.

கெரிக்கேயின் சோதனைகளைப் பற்றி கஸ்பர் ஷாட் என்ற ஏசு சபைப் பாதிரியார் 1657-ல் ஒரு புத்தகத்தில் எழுதினார். அது ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ராபர்ட் பாயில் காதுக்கு எட்டியது. வசதியான குடும்பத்துப் பிள்ளை. நல்ல கைவினைஞரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள அவரால் முடிந்தது. அப்படிச் சேர்ந்தவர் ராபர்ட் ஹூக். கெரிக்கேயின் யோசனையை எடுத்து, உள்ளே நடப்பதைப் பார்க்கக் கண்ணாடிக் குடுவை வைத்து, 1659 வாக்கில் ஹூக் புதிய காற்றுப் பம்ப்பைச் செய்து முடித்தார். அதுவும் கசிந்தது. புண்ணுக்குப் போடும் மருத்துவப் பிளாஸ்திரிப் பசையை இடுக்குகளில் அப்பி, தண்டுக்குச் சமையல் எண்ணெய் விட்டு, எப்படியோ அதோடு மல்லுக்கட்டினார்கள்.

1660-ல் பாயில் சோதனைகளைப் புத்தகமாக்கியதும் எதிர்ப்பு வந்தது. பிரான்சிஸ்கஸ் லைனஸ் என்ற இன்னொரு ஏசு சபைப் பாதிரியார், காற்றுக்கு அவ்வளவு பலம் கிடையாது, பாதரசத்தைத் தூக்கிப் பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு இழைதான் என்று வாதாடினார். அவருக்குப் பதில் சொல்லும் பொருட்டு பாயில் ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயைக் கீழே வளைத்து, குட்டையான பக்கத்தின் வாயை மூடி, அதில் காற்றைச் சிறைவைத்தார். நீண்ட பக்கம் அறைக்குள் நிற்காத உயரம். ஆகையால் மாடிப்படிகளில் நின்றபடி பாதரசத்தை ஊற்றிக்கொண்டே போனார்கள். பன்னிரண்டு அங்குல நீளமிருந்த காற்று, அழுத்தம் இரு மடங்கானபோது ஆறு அங்குலம் ஆனது. நான்கு மடங்கானபோது மூன்று அங்குலம் ஆனது. 1662-ல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் இந்த அட்டவணை இருக்கிறது. அழுத்தத்தையும் கொள்ளளவையும் பெருக்கினால் எப்போதும் ஒரே விடை என்ற விதி, எதிராளியின் வாயை அடைக்கச் செய்த சோதனையில் பிறந்தது. லைனஸ் சும்மா இருந்திருந்தால் அந்தக் குழாயை யாரும் வளைத்திருக்க மாட்டார்கள்.

அந்த விதியைத் தன் சொந்தச் சரக்கு என்று பாயில் சொல்லிக்கொள்ளவில்லை. லங்காஷயரைச் சேர்ந்த ரிச்சர்ட் டவுன்லியின் ஊகம் என்றே எழுதினார். டவுன்லியும் அவர் நண்பர் ஹென்றி பவரும் அதே பாதையில் முன்பே நடந்திருந்தார்கள். பிரான்சில் 1679-ல் எட்மே மரியோட் அதே விதியை வெளியிட்டார். பாயிலின் பெயரை எங்கும் எடுக்கவில்லை. பிரெஞ்சுப் பிள்ளைகள் அதை மரியோட் விதி என்றே படித்து வளர்ந்தார்கள். டவுன்லி பெயரில் ஒரு விதியும் இல்லை. இது நியாயமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

விதியில் ஒரு ஓட்டை மிச்சமிருந்தது. வெப்பநிலை மாறாமல் இருந்தால்தான் அது செல்லும். இளமையிலேயே செவித்திறனை இழந்த கியோம் அமாந்தோன் என்ற பாரிஸ்காரர், 1702 வாக்கில், அடைபட்ட காற்றைச் சூடாக்கினால் அழுத்தம் ஏறுவதை அளந்து காட்டினார். பட்டறைக்காரர்களுக்கு மிகவும் தேவையான பாடம் இது. மாலையில் 35 டிகிரி வெயிலில் 7 பார் காட்டிய டேங்க், விடியற்காலை 25 டிகிரியில் சுமார் கால் பார் குறைவாகக் காட்டும். ஒரு துளை கூட இருக்காது. ஆனாலும் இரவோடிரவாக எங்கோ கசிந்துவிட்டது என்று மூட்டுகளைத் துருவிக்கொண்டிருப்பார்கள். பலூன்களின் மேல் மோகம் கொண்ட ஷார்லும், கே-லூசாக்கும் வெப்பநிலைக் கணக்கைச் சரிபார்க்க, 1834-ல் கிளாபெரோன் எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டில் கட்டினார்.

விதி தயார். இனி வாயுவை அடைத்து விற்க ஆள் வேண்டும். 1819-ல் டேவிட் கார்டன் என்பவர் லண்டனில் ஒரு காப்புரிமை வாங்கினார். விளக்கெரிக்கும் வாயுவைச் செம்புக் கலங்களில் 30 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அடைத்து, வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் திட்டம். இருநூறு வருடத்துக்கு முன்பே சிலிண்டர் டெலிவரி! தெருவுக்கடியில் குழாய் பதித்த கம்பெனிகளோடு போட்டியிட முடியாமல் வியாபாரம் சில ஆண்டுகளில் படுத்துவிட்டது. ஆனால் கலங்களின் அடியில் வாயுவோடு ஏதோ ஒரு திரவமும் தங்கியது. அதை மைக்கேல் ஃபாரடேயிடம் கொடுத்தார்கள். 1825-ல் அவர் அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளைத்தான் இன்று பென்சீன் என்கிறோம். சாயம், மருந்து, பிளாஸ்டிக் என்று பாதி வேதியியல் தொழிலுக்கு மூலமான பொருள், நொடித்துப்போன ஒரு சிலிண்டர் கம்பெனியின் கழிவிலிருந்து வந்தது.

அழுத்தத்தைப் படிக்க மாடிப்படி உயரத்துக்குப் பாதரசக் குழாய் வைத்துக்கொண்டு எந்தத் தொழிற்சாலையும் ஓடாது. அதற்கு வழி பண்ணியது ஒரு விபத்து. பாரிஸில் இயந்திரம் செய்து வந்த யூஜின் பூர்தோனின் பட்டறையில் சுருள் குழாய் ஒன்று தவறுதலாக நசுங்கிவிட்டது. அதன் ஒரு முனையை அடைத்து, மறுமுனை வழியே தண்ணீரை அழுத்திச் செலுத்தினால் பழைய உருண்டை வடிவம் திரும்பும் என்று முயன்றார். குழாய் உருண்டது, உருளும்போதே சுருளும் மெல்ல அவிழ்ந்தது. அவிழும் முனையில் ஒரு முள்ளைக் கட்டிவிட்டால்? 1849-ல் காப்புரிமை பெற்றார். இன்று உலகத்தில் பெரும்பாலான கம்ப்ரசர்களில் வட்ட முகத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பது அந்த நசுங்கிய குழாய்தான். இதே காலத்தில், காற்றெடுத்த தகரப் பெட்டியை வைத்து வானிலை மானி செய்திருந்த லூசியன் விடி, தன் யோசனையைத் திருடிவிட்டதாக பூர்தோன் மேல் வழக்குப் போட்டார். வழக்கு பல வருடம் இழுத்து, கடைசியில் விடிக்கே சாதகமாக முடிந்தது. அதற்குள் அட்லாண்டிக்கைத் தாண்டி எட்வர்ட் ஆஷ்க்ராஃப்ட் என்ற அமெரிக்க வியாபாரி பூர்தோனின் உரிமையை வாங்கி நீராவி எஞ்சின்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார்.

பூர்தோனின் முள் ஒரு விசேஷத்தையும் கொண்டுவந்தது. வெளிக்காற்றின் அழுத்தத்தை அது பூஜ்யம் என்று காட்டும். காலி டேங்கில் ஏற்கனவே ஒரு வளிமண்டலக் காற்று இருக்கிறது. முள் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 7 பார் என்று அது காட்டும்போது உள்ளே உண்மையில் இருப்பது 8. ஆனால் புதிதாக நாம் வாங்கி ஏற்ற வேண்டியது 7 பாருக்கு உரிய வாயு மட்டுமே. ஆகையால் டேங்கின் கொள்ளளவோடு 7-ஐப் பெருக்கினால் போதும், 8-ஐப் பெருக்கக் கூடாது. வெப்பநிலை சூத்திரத்தில் போடும்போது மட்டும் 8-க்கு மாறிவிட வேண்டும். தவறு நடப்பது பெரும்பாலும் இந்த ஒரு எண்ணில்தான்.

இனி சிலிண்டர். ஜெர்மனியின் ரெம்ஷைடில் மன்னஸ்மன் சகோதரர்கள் 1885-ல், பழுத்த இரும்புக் கட்டையைச் சாய்ந்த உருளைகளுக்கிடையே சுழலவிட்டு மூட்டே இல்லாத குழாய் செய்யும் வழியைக் கண்டார்கள். மூட்டில்லாத எஃகு வந்தபின் அதிக அழுத்தத்தில் வாயு அடைப்பது பாதுகாப்பானது. 1895-ல் கார்ல் ஃபான் லிண்டே காற்றையே திரவமாக்கினார். திரவக் காற்றைப் பிரித்து ஆக்சிஜனை எடுக்கிற தொழிலில் நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தது. எதோடும் எளிதில் சேராத, எரியாத, ஈரமில்லாத அந்த வாயு சோதனைக்காரர்களுக்கு வாகாக அமைந்தது.

நம் ஊர் நைட்ரஜன் சிலிண்டர் பெரும்பாலும் 47 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் அளவில், 150 பார் வரை நிரம்பி வருகிறது. நாற்பத்தேழை நூற்றைம்பதால் பெருக்கினால் 7050 லிட்டர்; அதுதான் அந்த 7 கன மீட்டர். ஆனால் சிலிண்டர் கடைசிச் சொட்டு வரை காலியாகாது. டேங்கும் சிலிண்டரும் சம அழுத்தத்துக்கு வந்ததும் ஓட்டம் நின்றுவிடும். டேங்க் 7 பாரை நெருங்கும்போது திறக்கிற சிலிண்டரில் 7 பார் வாயு உள்ளேயே தங்கிவிடும். பத்தையும் ஒரே குழாயில் சேர்த்துத் திறந்தால் 6.7-ல் நிற்கும். ஒவ்வொன்றாகத் திறந்தால், முதல் சிலிண்டர்கள் டேங்க் ஏறக்குறைய காலியாக இருக்கும்போதே கொட்டித் தீர்ந்துவிடுவதால், கொஞ்சம் மேலே போகும். எப்படித் திறந்தாலும் பதினோராவது சிலிண்டர் வேண்டும். குழாய், ஹோஸ், ரெகுலேட்டர் ஆகியவற்றின் கொள்ளளவையும் சேர்த்து ஒன்றிரண்டு கூடுதலாகச் சொல்லிவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம்.

அதே காலத்தில் கசிவுச் சோதனை தெருவுக்கும் இறங்கிவிட்டது. 1888-ல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயரைப் பொருத்தினார். ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் தாம்சன் 1845-லேயே அதைப் பதிவு செய்திருந்தது தெரிய வந்து டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது. ஆனால் சைக்கிள் காய்ச்சலின் நடுவே வந்த டயர் என்பதால் உலகம் டன்லப்பின் பெயரைப் பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டின் பஞ்சர் கடைகளில் தண்ணீர்ச் சட்டிக்குள் டியூபை அமுக்கிக் குமிழ் பார்ப்பதும், எச்சில் தொட்டு வால்வின் மேல் வைத்துப் பார்ப்பதும், கெரிக்கேயின் இரண்டாவது பீப்பாய்க்கு நேர் வாரிசுகள்.

இந்தக் கதையின் மறுபக்கத்தை இப்போது சொல்லியாக வேண்டும். எத்தனை சிலிண்டர் என்று கேட்கும் அதே பெருக்கல்தான், டேங்குக்குள் எவ்வளவு ஆபத்தைச் சேமிக்கிறோம் என்பதற்கும் விடை சொல்கிறது. நம் 10 கன மீட்டர் டேங்கில் 7 பார் வாயு ஏறியதும், அது திடீரென வெடித்தால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 90 லட்சம் ஜூல். சுமார் 2 கிலோ டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். அதே டேங்கில் அதே அழுத்தத்துக்குத் தண்ணீர் இருந்தால், நீரில் தேங்குவது ஆயிரம் ஜூல் அளவுதான். தண்ணீர் அழுத்தினால் அநேகமாகச் சுருங்காது. விரிசல் விட்டால் ஒரு பீறல், அவ்வளவோடு முடிந்துவிடும்.

1905 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் பிராக்டனில், குரோவர் காலணித் தொழிற்சாலையில் பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். மாசசூசெட்ஸ் மாநிலம் 1907-ல் பாய்லர் விதிகளைக் கொண்டுவந்தது. 1914-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் தன் பாய்லர் விதித்தொகுப்பை ஏற்றது. அதன் வழிவந்த இன்றைய விதிகளில் கலங்களைத் தண்ணீரால் சோதித்தால் அனுமதித்த அழுத்தத்தின் 1.3 மடங்காவது ஏற்ற வேண்டும். வாயுவால் என்றால் 1.1 மடங்கு போதும். அதையும் படிப்படியாக ஏற்ற வேண்டும். வலிமையைத் தண்ணீரால் சோதித்து, கசிவை மட்டும் குறைந்த அழுத்த வாயுவால் தேடுவதுதான் எனக்குத் தெரிந்த மிக நல்ல பழக்கம். ஒரு சிலிண்டர் மிச்சமாகும் என்பதைவிட அதில் பெரிய லாபம் இருக்கிறது.

விமானங்களின் கதை இதற்கு அத்தாட்சி. 1954-ல் எல்பா தீவருகேயும் நேப்பிள்ஸ் அருகேயும் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறின. காரணம் தேட, ஃபார்ன்பரோவில் இன்னொரு காமெட்டின் உடல் முழுவதையும் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். பறந்து இறங்குவதுபோல உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கினார்கள். உண்மையான பயணங்களையும் சேர்த்து 3057 சுற்றுகளில் உடல் பிளந்தது. காற்றால் சோதித்திருந்தால் சான்றுகள் துண்டுதுண்டாகப் பறந்திருக்கும். தண்ணீரில் விரிசல் தொடங்கிய இடம் அப்படியே மிஞ்சி, உலோகக் களைப்பு என்ற குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது.

குமிழுக்கும் பிடிபடாத கசிவுகளுக்கு வேறொரு வாயு வந்தது. அதன் பயணம் நம் பக்கத்து மண்ணைத் தொட்டுக் கிளம்பியது. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தை குண்டூரில் இருந்து பிரெஞ்சுக்காரர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் இருந்து சென்னை வானாய்வகத்தின் நார்மன் பாக்சனும் நிறமாலைமானி வழியே பார்த்தார்கள். சூரிய விளிம்பில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு பூமியில் அறியப்பட்ட எந்தப் பொருளோடும் பொருந்தவில்லை. ஆங்கில வானியலாளர் லாக்யர் அதற்கு ஹீலியம் என்று பெயர் வைத்தார். 1895-ல் வேதியியலாளர் ராம்சே அதை ஒரு யுரேனியக் கனிமத்தில் பிடித்தார். 1903-ல் கன்சாஸ் மாநிலத்தின் டெக்ஸ்டர் என்ற சிற்றூரில் எரிவாயுக் கிணறு பீறிட்டது. ஊரே கூடி விழா எடுத்தது. பற்றவைக்க எரியும் வைக்கோலைக் கொண்டுபோனால், வாயு எரியவில்லை, வைக்கோல்தான் அணைந்தது. இரண்டு வருடம் கழித்து கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் கேடியும் மெக்ஃபார்லண்டும் சோதித்ததில் அதில் 1.84 சதவீதம் ஹீலியம் இருந்தது. டெக்ஸ்டர்க்காரர்களின் ஏமாற்றம், அமெரிக்கா முழுக்க ஹீலியம் கிணறுகளைத் தேடவைத்தது.

இரண்டாம் உலகப் போரின்போது ஓக் ரிட்ஜில் யுரேனியத்தைப் பிரிக்கும் மாபெரும் ஆலைக்கு, மைல் கணக்கில் கசியாத குழாய் வேண்டியிருந்தது. ஆல்ஃபிரட் நியர், நிறை நிறமாலைமானியை ஹீலியத்தை மட்டும் மோப்பம் பிடிக்கிற கருவியாக மாற்றிக் கொடுத்தார். அதன் வம்சத்தில் வந்த இன்றைய கருவிகள், ஒரு கன சென்டிமீட்டர் வாயு வெளியேற முப்பது ஆண்டு ஆகும் அளவுக்கு நுண்ணிய கசிவையும் காட்டும். ஹீலியம் விலையேறிய பிறகு, 5 சதவீத ஹைட்ரஜனை 95 சதவீத நைட்ரஜனில் கலந்த, தீப்பிடிக்காத வாயு பல ஆலைகளில் அதன் இடத்தைப் பிடித்து வருகிறது.

எந்த வாயு என்பதும் உயிர்ப் பிரச்சினைதான். 1967 ஜனவரி 27 அன்று அப்பல்லோ 1 ஒத்திகையில், கலத்துக்குள் வெளிக்காற்றைவிடச் சற்றுக் கூடுதலாக, 16.7 பிஎஸ்ஐ அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜனை நிரப்பினார்கள். தீப்பொறி பட்டதும் உள்ளிருந்த மூவரையும் காப்பாற்ற வழியில்லாமல் போனது. அதன்பின் ஏவுதளத்தில் நைட்ரஜன் கலந்த காற்றே நிரப்பப்பட்டது. ஏசி, ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகளுக்கு நைட்ரஜன் கிடைக்காத அவசரத்தில்கூட ஆக்சிஜன் சிலிண்டரைத் தொடாதே என்று சொல்லிக்கொடுப்பது இதே காரணத்தால். கம்ப்ரசர் எண்ணெயும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

சோதனையே பொருளைக் கெடுத்ததும் உண்டு. விண்வெளி ஓடத்தின் திட எரிபொருள் ராக்கெட் மூட்டுகளில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று வாயு அழுத்தி ஆரம்பத்தில் 50 அல்லது 100 பிஎஸ்ஐ-யில் பார்த்தார்கள். பூச்சுப் புட்டியே கசிவை மறைத்துவிடுமோ என்ற கவலையில் அதை 200 ஆக உயர்த்தினார்கள். அந்த வாயு புட்டியில் துளை போட்டது. பறக்கும்போது சூடான வாயு அந்தத் துளை வழியே ஓ-ரிங்கைத் தொட்டது. உயர்த்துவதற்கு முன் அரிதாக இருந்த ஓ-ரிங் சேதம், பின்னர் பாதிக்கு மேற்பட்ட பயணங்களில் தலைகாட்டியது. 1986-ன் சேலஞ்சர் விண்வெளி ஓட விபத்தை விசாரித்த குழு இதைத் தன் அறிக்கையில் பதிவு செய்தது.

சோதனையில் தேறியது என்றால் அன்றைக்குத் தேறியது என்றுதான் பொருள். 2013 ஆகஸ்ட் 19 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஜிஎஸ்எல்வி டி5 கிளம்ப ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தபோது, இரண்டாம் கட்டத்தின் எரிபொருள் டேங்கிலிருந்து கசிவு தெரிந்தது. ஏவுதல் நின்றது. அந்த டேங்கின் அலுமினியக் கலவை, இழுவிசையும் காலமும் சேர்ந்தால் மெல்ல விரிசல் விடும் தன்மை கொண்டது என்று கண்டு, வேறு அலுமினியக் கலவையில் செய்த டேங்குடன் புதிய இரண்டாம் கட்டத்தைப் பொருத்தினார்கள். 2014 ஜனவரி 5 அன்று அந்த ராக்கெட் ஜிசாட்-14 செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.